மணிப்பூரின் நரம்பில் முப்பத்தைந்து ஆண்டுகள்

1989 செப்டம்பர் வரை, மணிப்பூரில் ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோதெல்லாம் எச்.ஐ.வி. இல்லை என்றே முடிவு வந்தது. அடுத்த ஆறு மாதத்தில், சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருந்தது. ஒரு கிருமி ஒரு கூட்டத்துக்குள் இத்தனை வேகமாகப் புகுந்த நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் மிகக் குறைவு.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1986-ல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்திருந்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் அது தெரியவந்தது. அதனால் எச்சரிக்கைகள் எல்லாம் பாலுறவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் நாட்டின் கிழக்கு ஓரத்தில் கிருமி இன்னொரு பாதையைப் பிடித்துவிட்டது.

அந்தப் பாதையில் நமக்குத் தெரிந்த ஓர் ஊர் இருக்கிறது. இம்பாலிலிருந்து தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி, மியான்மர் எல்லையை ஒட்டி நிற்கும் மோரே. 1960-களில் பர்மாவில் (இன்றைய மியான்மர்) கடையும் நிலமும் அரசுடைமையாக்கப்பட்டபோது விரட்டப்பட்ட தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டுக்கு வந்து பிழைக்க வழியில்லாமல் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள். துணியும் மளிகையும் பாத்திரமும் கைமாறிய அதே எல்லை வழியாகத்தான் 1980-களில் அபின் விளையும் தங்க முக்கோணத்தின் ஹெராயினும் மணிப்பூருக்குள் வந்தது. உள்ளூரில் அதற்குப் பெயர் 'நம்பர் ஃபோர்'. வெள்ளைத் தூள், தண்ணீரில் சட்டென்று கரையும். தில்லியிலும் சென்னையிலும் அப்போது கிடைத்த பழுப்புத் தூளைப் பெரும்பாலோர் புகையாக இழுத்தார்கள். இம்பாலின் பையன்கள் தொடக்கத்திலேயே ஊசிக்குப் போனதற்குச் சரக்கின் இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஆனால் ஹெராயினுக்குள் எச்.ஐ.வி. இல்லை. அது ஊசியில் தங்கிய ரத்தத்தில் இருந்தது. ஒருவர் போட்டு எடுத்த ஊசியின் துளையிலும் குழலின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் நின்றுவிடும். அடுத்தவர் மருந்தை இழுத்து ஏற்றும்போது அதுவும் சேர்ந்து நேராக நரம்புக்குள் போகும். காற்றுப் புகாத குழலுக்குள் எச்.ஐ.வி. வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று பின்னாளில் ஆய்வகச் சோதனைகள் காட்டின. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி கிருமி 63 நாள் வரைகூடத் தாக்குப்பிடித்தது.

அப்படியானால் ஆளுக்கு ஓர் ஊசி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். 1980-களின் இம்பாலில் அது எளிதில்லை. மருந்துக்கடைக்காரர்கள் இளைஞர்களுக்கு ஊசி விற்கத் தயங்கினார்கள். சட்டைப் பையில் ஊசி அகப்பட்டால் போலீசுக்கு அதுவே சாட்சி. எனவே யாரும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. மறைவான ஓர் இடத்தில் ஒரே ஊசியைச் செருகி வைத்து, வருகிறவரெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊசிக்குழல் கிடைக்காதபோது ரப்பர் தலை வைத்த இங்க் ஃபில்லரின் முனையில் ஊசியை மாட்டிப் பயன்படுத்தினார்கள். அந்த ரப்பர் தலைக்குள் போன ரத்தத்தை எத்தனை முறை கழுவினாலும் வெளியேற்ற முடியாது. பிடிபடுவோம் என்ற பயம் எத்தனை பேரை ஒரே ஊசியில் கட்டிப்போட்டதோ, அத்தனை பேருக்கும் தொற்று போனது. மணிப்பூர் தந்த விலையில் நான் படிக்கும் முதல் பாடம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அன்றைய சமூகம் என்ன செய்தது? பயந்தது. பயந்தவர்கள் செய்வதையெல்லாம் செய்தது. சிகிச்சை இல்லங்கள் அரிதாக இருந்த காலம் அது. பெற்றோரே பிள்ளைகளைப் போலீசில் ஒப்படைத்துச் சிறையில் வைக்கச் சொன்ன குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள்ளேயே சங்கிலியில் கட்டி வைத்தவர்களும் உண்டு. ஆயுதக் குழுக்கள் 'திருத்துவதாக'ச் சொல்லிப் போதைப் பயனாளிகளின் காலில் சுட்டன. சிலரைக் கொன்றும் போட்டன. இரவில் தீப்பந்தம் ஏந்தி ஊர்க்காவல் காத்த மெய்ரா பைபி பெண்கள், மதுவையும் போதையையும் எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் வாரிசுகள். அவர்கள் கையில் அகப்பட்ட பையனுக்கு அடியும் அவமானமும் நிச்சயம். அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தெருவில் நாலு வீட்டில் பிள்ளை நரம்பில் ஊசி குத்திக்கொண்டு கிடந்தால் எந்தத் தாயும் நிதானமாக யோசிக்க மாட்டாள். ஆனால் விளைவைச் சொல்லியாக வேண்டும். விரட்டப்பட்டவர்கள் இன்னும் ஆழமான மறைவுக்குப் போனார்கள், ஊசிகள் இன்னும் அரிதாகின. 1990-களின் நடுவில் மணிப்பூரில் ஊசிப் பயனாளிகளில் பத்துக்கு ஏழு பேர் என்ற அளவுக்கு எச்.ஐ.வி. ஏறியிருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் ஒரு கணக்கு. அங்கே நோயுற்றவர்களின் மனைவியரைச் சோதித்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. அந்தப் பெண்களில் 45 சதவீதத்தினருக்குத் தொற்று பரவியிருந்தது. பெரும்பாலோர் வாழ்நாளில் போதையைத் தொட்டதே இல்லை. பிறகு விதவைகளான அவர்களில் பலர் புகுந்த வீட்டிலும் பழி சுமந்தார்கள்.

மாற்றம் முதலில் வந்தது அரசிடமிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ அல்ல. போதையிலிருந்து மீண்டிருந்த சில இளைஞர்கள் 1991-ல் இம்பாலில் 'சாசோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யார் எங்கே கூடுவார்கள், எந்தச் சந்தில் ஊசி மறைத்திருப்பார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். நோயுற்றுக் கிடந்த நண்பனைக் குளிப்பாட்டவும், யாரும் தொடாத பிணத்தை எடுத்துப்போகவும் முதலில் முன்வந்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் முறையை ஆம்ஸ்டர்டாமில் 1984-ல் போதைப் பயனாளிகளின் சங்கமே ஹெபடைடிஸ் பி பரவலுக்கு அஞ்சித் தொடங்கியது. அது எச்.ஐ.வி. காலத்தில் உலகெங்கும் கைகொடுத்தது. மணிப்பூர் அதைத் தன் மண்ணுக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது. 1996-ல் மாநில அரசு தனக்கென்று ஓர் எய்ட்ஸ் கொள்கையை ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் மணிப்பூர். போதையை விடச் சொல்வதோடு நில்லாமல், விட முடியாதவரின் உயிரையும் காக்க வேண்டும் என்பதை அந்தக் கொள்கை ஒப்புக்கொண்டது. துப்பாக்கிச் சத்தம் ஓயாத ஒரு சிறிய மாநிலம், மற்ற மாநிலங்கள் வாய் திறக்கத் தயங்கியதை எழுத்தில் வைத்தது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இலவசமாக ஊசி கொடுத்தால் போதை பெருகாதா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. நியாயமான கேள்விதான். பல நாடுகளில் பல ஆண்டுகள் பார்த்துவிட்டார்கள். ஊசி மாற்றித் தருவதால் போதைப் பழக்கம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. தொற்று குறைந்ததற்குச் சான்று நிறைய உண்டு. நடைமுறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஊசி வாங்க வருகிற இடத்தில் ஒரு பாய், குளிக்கத் தண்ணீர், ஒரு கோப்பைத் தேநீர், புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு செவிலியர், ரத்தப் பரிசோதனை, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எல்லாம் இருக்கும். தெருவில் இழிபெயரால் அழைக்கப்பட்டவரை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பத்து முறை ஊசிக்கு வந்தவர் பதினோராவது முறை, 'இதை விட வழி இருக்கா?' என்று தாமாகவே கேட்பார். கேட்கும் நாள்வரை அவர் உயிரோடும், முடிந்தவரை தொற்று இல்லாமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஊசியை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் இந்த ஆண்டுகள் கற்றுத் தந்தன. தூளைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைடிஸ் சி பரவும். அது எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாக ஒட்டும் கிருமி. அதனால்தான் மணிப்பூரில் எச்.ஐ.வி. இருந்த ஊசிப் பயனாளிகளைச் சோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்தே இருந்தது. எச்.ஐ.வி.யைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இந்த இன்னொரு கிருமி பத்து, இருபது ஆண்டுகள் கல்லீரலுக்குள் சத்தமின்றி இருந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் வெளியே தெரிந்தது.

மருத்துவம் அன்று இவர்களுக்குத் தந்தது மிகக் குறைவு. எய்ட்ஸ் முற்றியவருக்கு 1990-களில் வாய்ப்புண்ணுக்கு மருந்தும் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும்தான். கூட்டு மருந்துச் சிகிச்சை கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அதன் விலையை எட்ட இந்தியக் குடும்பங்களால் முடியவில்லை. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு அந்த மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவமனைகளில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் உண்டு, இம்பாலின் ரிம்ஸ் மருத்துவமனையும் உண்டு. அன்று நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போன பிறகுதான் மருந்து. அதாவது உடம்பு பாதி அழிந்த பிறகு. போதையில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று சொல்லி ஒதுக்கிய இடங்களும் இருந்தன. 2017-லிருந்து தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பது விதி. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், பாலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. அந்த 45 சதவீத மனைவியரை நினைத்தால், இந்த ஒரு மாத்திரை சில ஆண்டு முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஹெபடைடிஸ் சி-யின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று அதற்கிருந்த மருந்து பெக் இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒன்று, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. காய்ச்சல், மனச்சோர்வு, ரத்த அணுக்கள் சரிவு என்று ஏகப்பட்ட பக்க விளைவுகள். செலவு சில லட்ச ரூபாய். அத்தனையும் பட்டாலும் குணமாவது உறுதியில்லை. அந்த மருந்துக்கு ரோச் நிறுவனம் 2006-ல் பெற்றது, புதிய காப்புரிமைச் சட்டத்தின்கீழ் இந்தியா ஒரு மருந்துப் பொருளுக்கு வழங்கிய முதல் காப்புரிமை. மும்பையில் போதைப் பயனாளிகளுக்காக உழைக்கும் சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை அதை எதிர்த்தது. 2012 நவம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. நோயாளிகளுக்காக நிற்கும் ஓர் அமைப்புக்கு மருந்துக் காப்புரிமையை எதிர்க்க உரிமை உண்டு என்பதையும் ஏற்றது. தெருவில் கிடப்பவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் பெயரால் ஓர் அமைப்பு உலகப் பெரும் மருந்து நிறுவனத்தோடு மோதி வென்றது. நம் ஊர்ச் செய்திகளில் இது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

பிறகு வந்தது சோஃபோஸ்புவிர் மாத்திரை. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று 2015-ல் அதைச் சில ஆயிரம் ரூபாய் அளவுக்குக் கொண்டுவரத் தொடங்கின. 2018 ஜூலை 28-ல், உலக ஹெபடைடிஸ் நாளன்று, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சோதனையும் மாத்திரையும் இலவசமாயின. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறார்கள். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கத்தான் முடிகிறது, ஹெபடைடிஸ் சி-யை அழித்தே விடலாம். மணிப்பூரில் இந்த மாத்திரைக்காகக் கூட்டம் போட்டதும் மனுக் கொடுத்ததும் ஊர்வலம் போனதும் பெரும்பாலும் முன்னாள், இந்நாள் பயனாளிகளே. குணமான பிறகும் ஊசியைப் பகிர்ந்தால் மீண்டும் தொற்றும் என்பதால், மாத்திரையும் சுத்தமான ஊசியும் ஒன்றாகவே போக வேண்டும்.

பெரிய கிருமிகளைப் பற்றியே பேசும்போது சின்னப் புண்களை மறந்துவிடுகிறோம். ஊசி போடுகிறவரை அன்றாடம் வதைப்பது சீழ்க்கட்டிதான். 1990-களின் பிற்பகுதியில் மணிப்பூரில் ஹெராயின் விலை ஏறியபோது, பலர் 'எஸ்.பி.' என்று அழைத்த ஸ்பாஸ்மோப்ராக்ஸிவான் கேப்ஸ்யூலுக்கு மாறினார்கள். அது விழுங்க வேண்டிய வலி மருந்து. உள்ளே இருந்த பொடி தண்ணீரில் சரியாகக் கரையாது. நரம்புக்குள் போன துகள்கள் ரத்தக்குழாயை அடைத்தன. கையிலும் காலிலும் புண் வெடித்து, அழுகி, விரலும் பாதமும் சில சமயம் முழங்கால்வரையும் வெட்டி எடுக்கும்படி ஆனது. அந்த ஆண்டுகளில் இம்பாலிலும் சுராசந்த்பூரிலும் ஒரு காலோடு நடந்த இளைஞர்கள் அந்த கேப்ஸ்யூலின் சாட்சிகள். அதிலிருந்த டெக்ஸ்ட்ரோப்ரோபாக்ஸிஃபீனை 2013-ல் இந்திய அரசு தடை செய்தது.

சீழ்க்கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் நம் எல்லோருடைய தோலிலும் குடியிருக்கும் கிருமிதான். கை கழுவாமல், தோலைத் துடைக்காமல், மழுங்கிய ஊசியால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினால் அது உள்ளே போகிறது. ஊசியை நாவால் நனைக்கிறவர்களுக்கு வாயின் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். தோலோடு நின்றால் கட்டி. ரத்தத்தில் ஏறினால் இதயத்தின் வலப்பக்க வால்வில் உட்கார்ந்து அதை அரிக்கும். நுரையீரலுக்குத் துண்டு துண்டாகச் சீழ் போகும். அப்படி வந்தவருக்கு வாரக்கணக்கில் மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். படுக்கையில் சேர்த்த இரண்டாம் நாள் போதை இல்லாமல் உடம்பு முறுக்கும், வியர்க்கும், வயிறு புரளும். அதற்கு மருந்து தராத வார்டிலிருந்து அவர் ஓடித்தான் போவார். பாதியில் விட்ட ஆன்டிபயாடிக்கோடு தெருவுக்குத் திரும்பியவரின் உயிருக்கு ஆபத்து அதிகம். தொற்றுக்கு மருத்துவம் பார்க்கிறவர் போதைக்கும் அதே படுக்கையில் மருத்துவம் பார்க்க வேண்டும். இதை இன்னும் நம் மருத்துவமனைகள் போதிய அளவு கற்றுக்கொள்ளவில்லை. கட்டியோடு வந்தவரை முகம் சுளித்துக் கடைசியில் பார்க்கும் வழக்கமும் போகவில்லை. அதனால் அவர் பிளேடால் தாமே கீறிக்கொள்கிறார்.

அந்த முறுக்கலை நிறுத்துவதற்குத்தான் மாற்று மருந்து. நாவுக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை, அல்லது குடிக்கும் மெத்தடோன். செவிலியர் கண்முன்னே நாளுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டால், நாள் முழுக்க ஊசி தேடி அலைய வேண்டியதில்லை. வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகலாம். வடகிழக்கில் தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியில் நடத்திக்காட்டிய இந்தச் சிகிச்சையை, பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. மாற்று மருந்து மட்டுமே ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பைப் பாதியாக்குகிறது. சுத்தமான ஊசியும் தாராளமாகக் கிடைத்தால் முக்கால் பங்கு அளவுக்குக் குறைக்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: இந்த மருந்தில் ஊசி இல்லை, மறைவு இல்லை, அடுத்தவரின் ரத்தம் இல்லை.

இத்தனைக்கும் பலன் கிடைத்ததா? 2010-ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் மணிப்பூரின் ஊசிப் பயனாளிகளிடையே எச்.ஐ.வி. சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பத்தில் ஏழிலிருந்து எட்டில் ஒன்றுக்கு. ஆனால் இந்த இறக்கத்தில் ஒரு பகுதி சாவின் கணக்கு. முதல் தலைமுறையில் பலர் மருந்து வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது உழைப்பின் கணக்கு. புதிதாக வந்தவர்கள் முந்தையவர்களைப் போல ஒரே ஊசியில் கூடவில்லை.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்தது. 2017-ன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. தொற்றைத் தடுக்க ஊசி கொடுப்பவரையும் அதைப் பெறுபவரையும் அந்தச் செயலுக்காகக் குற்றவாளியாக நடத்தக்கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் போதையை உட்கொள்வது இன்னமும் தண்டனைக்குரிய குற்றம். சிகிச்சைக்கு முன்வருபவருக்கு விலக்கு கேட்க அதிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. தெருவில் நிற்கும் காவலருக்கு இவற்றில் எது நினைவிருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் ஊசி இன்றும் பையில் இருக்கிறது அல்லது புதருக்குள் போகிறது.

பெண்களின் நிலை ஆண்களைவிட இருபது ஆண்டு பின்னால் இருக்கிறது. ஊசி போடும் பெண்ணை வீடு சேர்க்காது, ஆண்கள் நிறைந்த மையத்துக்கு அவள் போக முடியாது, பிள்ளையை எங்கே விடுவது என்றும் தெரியாது. இதற்கிடையே 2023 மே 3-ல் மணிப்பூரில் பள்ளத்தாக்கு மக்களுக்கும் மலை மக்களுக்கும் இடையே தொடங்கிய இன வன்முறை, ஊசியும் மருந்தும் தந்த இந்தக் கட்டமைப்பையெல்லாம் இரண்டாகப் பிளந்தது. அறுபதாயிரம் பேர் அளவில் வீடிழந்தார்கள். மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கும் யாரும் போக முடியாதபோது, தினமும் மாத்திரை வாங்க வேண்டியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நிவாரண முகாம்களுக்கு மருந்தைக் கொண்டு சேர்த்தவர்கள் மீண்டும் அதே களப்பணியாளர்கள்.

பக்கத்து மிசோரத்தில் தொற்று இறங்கவில்லை. இந்தியாவில் மக்கள்தொகை விகிதப்படி எச்.ஐ.வி. மிக அதிகமுள்ள மாநிலம் இன்று அதுதான். பஞ்சாபில் 'சிட்டா' என்ற ஹெராயினோடு ஊசியும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நாடு முழுக்க ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்கள் எட்டரை லட்சம் பேர் என்று 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு மதிப்பிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு இது புதிதல்ல. 1980-களில் பழுப்புத் தூளைப் புகைத்தவர்கள் 1990-களில் புப்ரெனார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். மற்ற இடங்களில் நாவுக்கடியில் வைத்து உயிர் காத்த அதே மருந்தை இங்கே ஆம்ப்யூலை உடைத்து நரம்பில் ஏற்றினார்கள். 2000-களின் நடுவில் சென்னையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பாதிப் பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி இருந்தது. அந்தத் தலைமுறை ஏறக்குறையக் கரைந்துவிட்டது. பிரச்சினை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

முடியவில்லை. சில ஆண்டுகளாக நாளிதழைப் பிரித்தால், வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் பற்றிய செய்தி இல்லாத வாரம் அரிது. டேபென்டடால் போன்ற மாத்திரைகள் ரயிலிலும் கூரியரிலும் வருகின்றன, போலீஸ் பிடிக்கிறது, படம் வெளியாகிறது. இறந்த பையனுக்கு வயது பத்தொன்பது, இருபது. அந்தச் செய்திகளில் ஒருபோதும் இல்லாத ஒரு வரி உண்டு: உடனிருந்த மற்ற பையன்களை யாராவது ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் சோதித்தார்களா? மாத்திரை விழுங்குவதற்கென்று செய்யப்பட்டது. அதிலுள்ள மாவும் டால்க்கும் நரம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மணிப்பூர் தன் கால்களைக் கொடுத்து எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பையன்கள் பழைய பயனாளிகளைப் போல அல்ல. தங்களைப் போதை அடிமை என்றே நினைப்பதில்லை. ஊசி மாற்றித் தரும் மையத்தின் பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1989-ல் இம்பாலின் பையன்கள் இருந்த இடத்தில்தான் இவர்கள் இப்போது நிற்கிறார்கள். ஒரு வேறுபாடு: அன்று அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. இன்று எல்லாம் இருக்கிறது.

காவல்துறை மாத்திரை விற்பவனைப் பிடிக்கட்டும். பிடிபட்ட பையனைச் சிறைக்கு முன்னால் ஒரு மருத்துவரிடம் காட்டட்டும். சுகாதாரத் துறை, ஊசித் திட்டத்தைப் பழைய பட்டியலில் இருந்தவர்களோடு நிறுத்தாமல், இந்த வயதினர் கூடும் பேட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அந்தப் பேட்டைகளிலிருந்தே வந்த, மீண்ட இளைஞர்களைச் சம்பளத்தோடு பணியில் வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளையின் முழங்கையில் ஊசித் தடம் கண்டால் அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள். கட்டி இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். ஹெபடைடிஸ் சி-க்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, போட்டுவிடுங்கள். வழி தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.